விலங்குகளையும் வாழிடங்களையும் கற்றுத்தரும் கணினி விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விளையாட்டு உண்மையிலேயே விலங்குகளைப் பற்றிக் கற்றுத்தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னச் சோதனை போதும். விளையாட்டில் இருக்கும் விலங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காரையோ ரோபோவையோ வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு அப்போதும் அப்படியே நடக்குமென்றால், விலங்கு அதில் வெறும் வேஷம்தான். ஓடிக்கொண்டே காசு பொறுக்கும் சிறுத்தை, ஒரே நிறப் பழங்களை வரிசையாகச் சேர்த்தால் கைதட்டும் குரங்கு எல்லாம் இந்த ரகம். விளையாடட்டும், தப்பில்லை. ஆனால் அதைப் பாடக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நல்ல விளையாட்டில் விலங்கை மாற்றினால் ஆட்டமே குலைந்துவிடும். அந்த விலங்கு எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், எவ்வளவு குளிரைத் தாங்கும், கூட்டமாக வாழுமா தனியாக வாழுமா என்பதெல்லாம் தெரியாமல் அதில் ஜெயிக்க முடியாது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த அளவுகோலை வைத்துச் சொன்னவைதான்.

வினாடி வினா வகை விளையாட்டுகள் போதாதா?

பெயர்களை மனதில் பதிய வைக்கப் போதும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. "பென்குயின் எங்கே வாழும்?" என்ற கேள்விக்குக் குழந்தை பாலைவனப் படத்தை அழுத்தும், சிவப்பு விளக்கு எரியும். அடுத்து காட்டுப் படம், மறுபடி சிவப்பு. மூன்றாவதாகப் பனிப் படத்தை அழுத்தினால் பச்சை எரிந்து நட்சத்திரம் கொட்டும். பாலைவனம் ஏன் சரிப்படாது என்று யாரும் சொல்லவில்லை, குழந்தையும் கேட்கவில்லை. பென்குயின் என்றாலே பனி என்பதும் பாதி உண்மைதான். பூமத்தியரேகையை ஒட்டிய காலபாகஸ் தீவுகளிலும் ஒரு பென்குயின் இனம் இருக்கிறது. அங்கே பனி கிடையாது. குளிர்ந்த கடல் நீரோட்டமும் அது கொண்டுவரும் மீன்களும்தான் அதை அங்கே வாழவைக்கின்றன.

அப்படியானால் நல்ல விளையாட்டுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பழையதிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பான எம்.இ.சி.சி. வெளியிட்ட 'ஓடெல் லேக்', 1980-களில் ஆப்பிள் 2 கணினிகளில் ஓடியது. ஓடெல் ஏரி ஓரிகன் மாநிலத்தில் நிஜமாகவே இருக்கிறது. விளையாடுபவர் அந்த ஏரியில் ஒரு மீன். திரையில் ஏதோ ஒன்று நீந்தி வரும். அதைத் தின்பதா, விரட்டுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா, தப்பி ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் எதிரே வரும் அதே மீன், நீங்கள் எந்த மீனாக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரையாகவும் இருக்கும், எமனாகவும் இருக்கும். பெரிய டிரவுட் மீனாக இருந்தபோது விரட்டிப் பிடித்துத் தின்ற ஒன்றை, அடுத்த ஆட்டத்தில் சின்ன மீனாக மாறியதும் அதே துணிச்சலில் நெருங்கினால் கதை முடிந்தது. நீருக்குள் நீர்நாய் வரும், மேலிருந்து விராலடிப்பான் பறவை பாயும். உணவு வலை என்ற சொல்லையே கேட்டிராத குழந்தைக்கும் நாலைந்து முறை செத்துப் பிழைத்த பிறகு அது விளங்கிவிடும். படங்கள் இன்றைய கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

1991-இல் மாக்ஸிஸ் நிறுவனம் வெளியிட்ட 'சிம்ஆன்ட்' இன்னொன்று. வீட்டுத் தோட்டத்தில் கறுப்பு எறும்புக் கூட்டம் ஒன்றை வளர்த்து, சிவப்பு எறும்புகளை விரட்டி, இடத்தைப் பிடிக்க வேண்டும். எறும்புகள் உணவைக் கண்டால் வழியெல்லாம் வாசனைத் தடம் விட்டுச் செல்வதும், மற்றவை அந்தத் தடத்தைப் பிடித்து வருவதும், போகப் போகத் தடம் வலுப்பதும் அதில் கண்முன் நடக்கும். வேலைக்கார எறும்புகள் எத்தனை, காவல் எறும்புகள் எத்தனை என்ற விகிதத்தையும் நீங்களே வைக்கலாம். காவலுக்கு அதிகம் ஒதுக்கினால் கூட்டம் பட்டினி கிடக்கும், குறைத்தால் சிவப்பு எறும்பு உள்ளே வந்துவிடும். சமூகப் பூச்சிகளைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொன்ன விளையாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

எந்த வயதுக்கு எது ஏற்றது?

ஐந்து வயதுக்குள் என்றால் குரலைக் கேட்டு விலங்கைக் கண்டுபிடிப்பது, குட்டியைத் தாயிடம் சேர்ப்பது போன்றவை போதும். 'ஜிகாம்ப்ரி' என்ற இலவச மென்பொருளில் பண்ணை விலங்குகள், உலக விலங்குகள் என்று இதற்கான பகுதிகள் இருக்கின்றன. விளம்பரம் கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைக்குமான பயிற்சிகள் அதில் உண்டு.

ஆறிலிருந்து ஒன்பது வரை, இடத்துக்கு ஏற்ற உயிரினத்தைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகள் பிடிக்கும். 1996-இல் வந்த 'சிம்பார்க்' இந்த வயதுக்கானது. பூங்காவுக்குச் செடியும் விலங்கும் நீங்கள் கொண்டுவர வேண்டும், அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதது தங்காது. பத்துக்கு மேல் என்றால் முழுமையான உருவகப்படுத்தல் விளையாட்டுகளுக்கே போகலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயது முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவின் பெகி போன்ற தரக்குறியீடுகள் வன்முறை, மோசமான பேச்சு, சூதாட்டம் போன்றவற்றைப் பார்த்துத் தரப்படுபவை. தகவல் சரியா என்பதோ, குழந்தைக்குப் புரியுமா என்பதோ அவற்றின் வேலை அல்ல.

விலங்காகவே மாறி விளையாடும் விளையாட்டுகள் எப்படி?

இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது 'உல்ஃப்குவெஸ்ட்'. மினசோட்டா விலங்குக் காட்சிச்சாலையும் எடுவெப் என்ற நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2007-இல் இலவசமாக வெளியிட்டார்கள். பணம் கொடுத்தது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. களம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. ஓநாய்கள் முற்றிலும் ஒழிக்கப்பட்டு, 1995-இல் மறுபடி கொண்டுவந்து விடப்பட்ட இடம் அது.

நீங்கள் தனி ஓநாய். எல்க் மான் வேட்டையில் தொடங்க வேண்டும். வாசனைப் பார்வைக்கு மாறினால், கண்ணுக்குத் தெரியாத மந்தை எந்தப் பக்கம் போனது என்று காற்றில் தெரியும். மந்தையைக் கண்டதும் குழந்தைகள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: இருப்பதிலேயே பெரிய மானை நோக்கிப் பாய்வது. அது ஓர் உதை விடும், ஓநாய் சுருண்டு விழும். கொஞ்ச நேரம் துரத்தினால் மூச்சு வாங்கும், மான் போய்விடும். அப்புறம்தான் மந்தையை ஓடவிட்டுப் பின்தங்குவது எது என்று பார்க்கத் தொடங்குவார்கள். நிஜ ஓநாய்களின் வேட்டையும் பெரும்பாலும் தோல்வியில்தான் முடிகிறது. கிழடு, நோயாளி, குட்டி ஆகியவைதான் அவற்றுக்கு அதிகம் சிக்குகின்றன. இதைப் புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் உதை வாங்கிய பிள்ளைக்கு அது வேறு மாதிரிப் புரிகிறது.

அதன் பிறகு துணை தேட வேண்டும், எல்லையைக் குறிக்க வேண்டும், குட்டிகளை வளர்க்க வேண்டும். வயிற்றில் சுமந்து வந்த இறைச்சியைக் கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்ட வேண்டும். "ச்சீ" என்று முகம் சுளிக்கும் பிள்ளைதான் பிறகு நண்பர்களிடம் பெருமையாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

குட்டி ஓநாய் செத்துப்போனதற்கு என் மகள் அழுதுவிட்டாள். இப்படிப்பட்ட விளையாட்டு தேவையா?

அழுதது நல்ல அறிகுறிதான், ஆனால் தனியே விட்டுவிடக் கூடாது. கரடி, கழுகு, பட்டினி என்று குட்டிகள் சாவதற்குக் காட்டில் எத்தனையோ வழிகள். அதை மறைத்த விளையாட்டு, காடு என்றால் பொம்மைக்கடை என்ற எண்ணத்தைத்தான் தரும். அதேநேரம் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேட்டை விளையாட்டில் தனியே உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் இருங்கள். "பாவம்" என்று சொல்லட்டும். கரடிக்கும் பசிக்குமே, அதுவும் குட்டி வைத்திருக்குமே என்று பேச்சை நகர்த்துங்கள். தாங்கவில்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

விலங்குக் காட்சிச்சாலை நடத்தும் விளையாட்டுகளில் பாடம் இருக்கிறதா, இல்லை வியாபாரம் மட்டும்தானா?

இரண்டும் இருக்கின்றன. எது மேலோங்குகிறது என்பது யார் விளையாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2001-இல் வந்த 'ஜூ டைகூன்' விளையாட்டில் கூண்டுக்குள் எந்த வகைத் தரை, எவ்வளவு நீர், எந்த மரம் என்று நாமே அமைக்க வேண்டும். விலங்கைப் பராமரிக்கும் பணியாளர், "சவன்னாப் புல் போதவில்லை" என்கிற மாதிரிக் குறை சொல்வார். குறையைச் சரிசெய்தால் விலங்கின் முகம் மலரும். வாழிடம் என்றால் என்ன என்பதற்கு இது அருமையான பயிற்சி. புல்வெளி என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வகை இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

2019-இல் வந்த 'பிளானட் ஜூ' இன்னும் பல படி மேலே. வெப்பநிலை, தரையின் மணல்-பனி அளவு, எந்தக் கண்டத்துச் செடி, கூட்டத்தில் ஆண் பெண் எத்தனை, பார்வையாளர் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் உண்டா என்று எல்லாவற்றையும் கணக்கெடுக்கும். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடக்க விட்டால் அடுத்த தலைமுறை நலிந்து பிறக்கும். வளர்த்த விலங்கைக் காட்டில் விட்டால் தனிப் புள்ளிகள் கிடைக்கும். ஆனால் திறன் மிகுந்த கணினி வேண்டும். சின்னப் பிள்ளைகள் தனியே சமாளிக்கவும் முடியாது.

ஒரு குறை உண்டு. இந்த விளையாட்டுகளில் விலங்குக்குத் தேவையானது எல்லாம் மெனுவில் கிடைக்கும். சதுப்பு நிலம் வேண்டுமா, பணம் கட்டினால் முளைக்கும். நிஜத்தில் சதுப்பு நிலம் போனால் போனதுதான். இதை விளையாட்டு சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உணவுச் சங்கிலியின் சமநிலையைக் காட்ட எது நல்லது?

விளையாட்டு என்று சொல்லமுடியாத ஒன்றைத்தான் பரிந்துரைப்பேன். 'நெட்லோகோ' என்ற இலவச மென்பொருளில் ஓநாய்-ஆடு என்று ஒரு மாதிரி இருக்கிறது. யூரி விலென்ஸ்கி 1997-இல் உருவாக்கியது. இணைய உலாவியிலேயே ஓடும்.

பச்சைக் களத்தில் ஆடுகளும் ஓநாய்களும் திசை தெரியாமல் திரியும். ஓநாய் ஆட்டைத் தொட்டால் தின்றுவிடும், பசித்தால் சாகும். பக்கத்தில் எண்ணிக்கைக் கோடுகள் ஏறி இறங்கும். முதலில் புல் கணக்கை அணைத்துவைத்து ஓட்டுங்கள். ஆடு பெருகும், பின்னாலேயே ஓநாய் பெருகும், ஆடு சரியும், ஓநாய் பட்டினியில் சாகும். பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஓநாயோ, இரண்டுமோ அடியோடு தீர்ந்துவிடும். இப்போது புல்லும் தின்னத் தின்னத் தீர்ந்து, மெல்ல முளைக்கும்படி மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அலையடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும். கண்ணிலேயே படாத புல்தான் ஓநாயைக் காப்பாற்றியது என்று பிள்ளை தானே சொல்லும் வரைக்கும் வாய் திறக்காமல் இருங்கள். அது கொஞ்சம் கஷ்டம்தான்.

நிஜ உலகிலும் இதே அலை உண்டு. கனடாவின் ஹட்சன் பே கம்பெனி வாங்கிய தோல்களின் கணக்கில் பனி முயலும் லின்க்ஸ் பூனையும் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கியிருக்கின்றன. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் அந்த வரைபடத்தையும் கூடவே காட்டலாம்.

விளையாட்டில் தகவல் பிழை இருந்தால் எப்படித் தெரியும்?

அடிக்கடி வரும் பிழைகள் சில உண்டு, அவற்றைப் பார்த்தாலே தயாரித்தவர்களின் கவனம் தெரிந்துவிடும். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நிற்கின்றனவா? கரடி வட துருவம், பென்குயின் தென் கோளம், இரண்டும் சந்திக்கவே வாய்ப்பில்லை. சிங்கம் அடர்ந்த மழைக்காட்டில் கொடிகளுக்கு நடுவே கர்ஜிக்கிறதா? அதன் இடம் புல்வெளியும் வறண்ட காடும். ஒட்டகத் திமிலில் தண்ணீர் என்கிறதா? அங்கே இருப்பது கொழுப்பு. வௌவாலுக்குக் கண் தெரியாது என்கிறதா? தெரியும்.

ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்துத் தலைவனாகும் 'ஆல்ஃபா' கதையும் அப்படித்தான். அதை 1970-இல் பரப்பியவர்களில் ஒருவரான ஆய்வாளர் டேவிட் மெக், 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான். இன்னும் பல விளையாட்டுகள் பழைய கதையையே ஓட்டுகின்றன.

மைன்கிராஃப்ட் மாதிரிப் பொழுதுபோக்கு விளையாட்டில் ஏதாவது கற்க முடியுமா?

எதிர்பாராத அளவுக்கு. மைன்கிராஃப்டில் 2017-இல் கிளிகள் வந்தபோது முதலில் சாக்லேட் குக்கி கொடுத்துப் பழக்கலாம் என்று வைத்திருந்தார்கள். சாக்லேட் நிஜக் கிளிகளுக்கு விஷம், பிள்ளைகள் வீட்டுக் கிளிக்குக் கொடுத்துவிட்டால் என்னாவது என்று எதிர்ப்பு வந்தது. உடனே விதைக்கு மாற்றினார்கள். இப்போது குக்கி கொடுத்தால் விளையாட்டுக் கிளி செத்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் பாடநூல் செய்ய முடியாததை ஒரு குக்கி செய்துவிட்டது.

'அனிமல் கிராசிங்' வரிசையில் பல மீன்களும் பூச்சிகளும் குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட மணியில் மட்டும் வரும். கடிகாரம் நிஜக் கடிகாரம். 2020 பதிப்பில் உங்கள் தீவு வட கோளமா தென் கோளமா என்று முதலிலேயே கேட்பார்கள், பருவங்கள் ஆறு மாதம் தள்ளி வரும்.

இலவச விலங்கு ஆப்களை நம்பலாமா?

பொதுவாக வேண்டாம் என்பேன். "இந்தக் குட்டி அழுகிறது, பத்து வைரம் கொடுத்தால் காப்பாற்றலாம்" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்பது எந்தக் கல்வியிலும் சேராது. அப்படி ஒரு திரையைக் கண்டால் அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள். சாதனத்தில் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டுவையுங்கள், முடிந்தால் இணையத்தை அணைத்துவிட்டு விளையாடக் கொடுங்கள். பல ஆப்கள் 13 வயதா என்று கேட்பதற்குக் காரணம், அதற்குக் கீழுள்ள குழந்தைகளின் தகவலைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம். பிள்ளை பொய் வயது போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்ட வயதில் மணிக்கணக்கைவிட ஓர் ஆட்டம் முடியும் இடத்தில் நிறுத்துவது சண்டையைக் குறைக்கும்.

சின்ன வயதில் நான் விளையாடியது இப்போது திறக்கவே இல்லை. ஏன்?

இணையத்தில் விளையாடியது என்றால் அது ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டிருக்கும். அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. ஃபிளாஷைப் போலவே இயங்கும் 'ரஃபிள்' என்ற மென்பொருள் பலவற்றை ஓட்டும், 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்ற தொகுப்பிலும் நிறையப் பாதுகாத்திருக்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டு என்றால் 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருள் ஓட்டும்.

வகுப்பில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது. என்ன செய்வது?

அதுவே நல்லது என்று சொல்வேன். ஒருவர் மவுஸைப் பிடிக்கட்டும், மற்றவர்கள் ஒவ்வொரு முடிவுக்கும் கை தூக்கி வாக்களிக்கட்டும். ஆனால் கை தூக்கியவர் காரணம் சொல்ல வேண்டும். "தப்பி ஓடலாம், ஏனென்றால் அது நம்மைவிடப் பெரிய மீன்" என்று ஒருவர் சொல்ல, "பெரிதாக இருந்தாலும் அது பூச்சி தின்னும் மீன்" என்று இன்னொருவர் மறுக்க, பாடம் அங்கேதான் நடக்கிறது. ஆளுக்கொரு கணினி இருந்தால் இந்தச் சத்தம் எழாது.

விளையாட்டிலிருந்து வெளியே இழுக்க வழி உண்டா?

2020-இல் வந்த 'ஆல்பா' விளையாட்டில் ஒரு சிறுமி மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் நடந்து, பறவைகளையும் விலங்குகளையும் படமெடுத்துப் பெயர் சேர்ப்பாள். வேட்டை இல்லை, அவசரமும் இல்லை. அதை முடித்த பிள்ளையின் கையில் 'சீக்' செயலியைக் கொடுங்கள். உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தின் குழுவினர் செய்தது, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. கேமராவைச் செடியிடமோ பூச்சியிடமோ காட்டினால் பெயர் சொல்ல முயலும், பதக்கம் தரும். சில சமயம் தடுமாறி, இனத்தைச் சொல்லாமல் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

விளையாட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைக்குப் புரியாதே?

எழுத்து குறைவான விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். எறும்பும் ஓநாயும் செய்வதைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். மீதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மொழியில் பேசுங்கள்.

என் மகன் ஓநாய் விளையாட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. மாற்றச் சொல்லலாமா?

தேவையில்லை. ஒரு விலங்கை நன்றாகத் தெரிந்துகொண்டால் அது தின்பது, அதைத் தின்ன வருவது, அது வாழும் ஆறு, மரம், பனி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். வேண்டுமானால் அடுத்த முறை எல்க் மானின் பக்கத்திலிருந்து அந்த வேட்டையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.